சம்பந்தி விட்ட இடத்திலிருந்து

மார்ச் 24, திங்கள். கனோன்ஜி

முப்பத்தொரு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு நோட்டு இல்லாமல் எந்த வேலையும் ஆரம்பிக்க வராது. ஆகவே இது. பெயர் வெயிலுகந்தாள். வயது அறுபத்தொன்று. ஊர் விருதுநகர். வலது முழங்காலில் பழைய கோளாறு. இப்போது இருப்பது ஜப்பானில், ஷிகோகு என்கிற தீவில், சம்பந்தி ஃபுமியேயின் வீட்டில்.

இந்தத் தீவைச் சுற்றி எண்பத்தெட்டு புத்தர் கோயில்கள் இருக்கின்றன. வரிசை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் நடந்தே போய்க் கும்பிட்டால் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வருமாம். ஃபுமியே இரண்டு வருடமாக நேரம் கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வந்திருக்கிறார். போன மாதம் அறுபத்தைந்தாவது கோயிலைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு முழங்கால் வரை இருக்கிறது. மீதி இருபத்து மூன்று.

ஒருவர் வேண்டுதலை இன்னொருவர் நடந்து முடிக்கலாம் என்பது இங்கே வழக்கமாம். கேட்டதும் நான் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மருமகன் டைகி வாயைத் திறந்தபடி நின்றார். பாவம், விமான நிலையத்திலிருந்து என்னை நேராக மகள் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்தார். முதலில் உங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் இங்கே திருப்பினேன். அடிபட்டவரை முதலில் பார்ப்பதுதானே முறை.

மகள் செண்பகா இருப்பது தகமாட்சு நகரத்தில். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பிரசவம் அடுத்த மாதக் கடைசியில். நான் வந்திருப்பதை அவளிடம் சொல்லக் கூடாது என்று டைகியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நடை முடியட்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

மார்ச் 25, செவ்வாய்

டைகி காரில் கொண்டுபோய் அறுபத்தைந்தாவது கோயிலில் விட்டார். அவர் அம்மா விழுந்த இடத்தைக் காட்டினார். அந்த இடத்தில் கால் வைத்துத்தான் தொடங்கினேன். தொடர் ஓட்டத்தில் குச்சி வாங்குகிறவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அடி தள்ளி நின்றாலும் அது செல்லாது.

என் மேலே இருப்பதெல்லாம் ஃபுமியேயுடையவை. வெள்ளை மேல்சட்டை (எனக்கு இடுப்போடு நின்றுவிடுகிறது), கூம்புத் தொப்பி, மணி கட்டிய கோல், முத்திரை வாங்கும் புத்தகம். ஒரு கட்டு வெள்ளைச் சீட்டுகள். ஒவ்வொரு கோயிலிலும் இரண்டு சன்னதி, சன்னதிக்கு ஒரு சீட்டு பெட்டியில் போட வேண்டும். வேண்டுதலையும் ஊர் பேரையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் இருக்கும், வேறென்ன?

கோலுக்கு ஏகப்பட்ட மரியாதை. அதுதான் இந்தப் பாதையை வகுத்த மகானாம். கூடவே நடக்கிறாராம். விடுதிக்குப் போனதும் நம் காலைக் கழுவும் முன் கோலின் அடியைக் கழுவ வேண்டும். பாலத்தில் மட்டும் கோலை ஊன்றக் கூடாது. அந்த மகான் ஒருநாள் இடம் கிடைக்காமல் பாலத்துக்கு அடியில் படுத்தாராம். இப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடக் கூடாது. இன்று ஏழு பாலம். ஏழிலும் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.

மலையடிவாரத்தில் ஒரு கிழவர் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினார். மறுபடி வேண்டாம். மூன்றாவது முறை கும்பிட்டு வேண்டாம் என்றேன். ஓசியில் வாங்கித் தின்று எனக்குப் பழக்கமில்லை. அவர் பழங்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 26, புதன்

66, 67 முடிந்தன.

அறுபத்தாறுதான் எல்லாவற்றிலும் உயரமானது. தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல். ஏறும்போது வாய்விட்டு 'லெஃப்ட் ரைட்' சொல்லிக்கொண்டே ஏறினேன், கேட்க ஆளில்லை. மேலே ஆளுயரத்தில் ஐந்நூறு கல் சிலைகள், ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இல்லை. சிரிக்கிறது ஒன்று, கொட்டாவி விடுகிறது ஒன்று. திங்கட்கிழமை அசெம்ப்ளி மாதிரியே இருந்தது. "நேரா நில்லுங்க" என்று சொல்லப் பார்த்தேன்.

இறங்குவதற்குக் கம்பியில் தொங்கிப் போகும் வண்டி இருக்கிறது, ஏழே நிமிடம் என்று முத்திரை போட்டவர் சைகையில் காட்டினார். நடந்துதான் இறங்கினேன். முழங்கால் என்னைக் கண்டபடி ஏசியது. ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கூல் விளையாட்டு விழாவில் ஓடி முடித்த பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து நானே கொடுப்பேன். செண்பகாவுக்குக் கடைசியில்தான். தன் பிள்ளைக்கு முதலில் கொடுக்கிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதல்லவா?

மார்ச் 27, வியாழன். மறுபடியும் கனோன்ஜி

68, 69, 70. அறுபத்தெட்டும் அறுபத்தொன்பதும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கின்றன. ஃபுமியே வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அதனால் இன்று அங்கேயே தங்கல்.

என்னைக் கண்டதும் அவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வாசலுக்கு வந்து உட்கார்ந்து கோலின் அடியைக் கழுவினார். பிறகு என் காலைப் பிடித்து இழுத்தார். நான் பதறிப்போய், "ஐயோ சம்பந்தியம்மா, காலெல்லாம் தொடக் கூடாது, எந்திரிங்க" என்றேன். "சம்பந்தி-சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொப்புளத்துக்கு மருந்து போட்டார். அந்த ஒரு தமிழ்ச் சொல்லைச் செண்பகா சொல்லிக்கொடுத்திருக்கிறாள், 'சான்' இவர்கள் சேர்க்கும் மரியாதை. மற்றதெல்லாம் டைகி ஃபோனில் போட்டுத் தந்த மொழிபெயர்ப்புக் குரல்தான். அது செய்தி வாசிக்கிற மாதிரியே பேசும்.

சாப்பிடும்போது ஆரஞ்சுப் பழக் கதையைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஃபுமியேயின் முகம் மாறிவிட்டது. அவர் பேசப் பேச ஃபோன் சொல்லியது:

"நீங்கள் பழத்தை மறுத்தது வருத்தத்திற்குரியது. யாத்திரிகருக்குக் கொடுப்பதற்கு ஒசெத்தாய் என்று பெயர். அந்த முதியவரால் இனி மலை ஏற இயலாது. அவர் கொடுத்த பழம் உங்களோடு மலை ஏறினால் அவரும் ஏறியதாக ஆகும். நீங்கள் அவரைக் கீழேயே விட்டுவிட்டீர்கள்."

தட்டைத் தள்ளி வைத்தேன். "யார் குடுத்தாலும் வாங்கணுமா?" என்று கேட்டேன்.

"யார் கொடுத்தாலும். மறுக்கும் உரிமை யாத்திரிகருக்கு இல்லை. இரு கையாலும் வாங்க வேண்டும். பதிலுக்கு ஒரு சீட்டு கொடுக்க வேண்டும்."

அதற்காகத்தான் சீட்டுகளைக் கொஞ்சம் அதிகமாக எழுதி வைத்திருக்கிறாராம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? சரி, நானும் கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்று வாங்கியவை: இரண்டு சோற்று உருண்டை, கைக்குட்டை ஒன்று, இருமல் மிட்டாய், ஒரு முழு முட்டைக்கோஸ். முட்டைக்கோஸைச் சுமந்துகொண்டு எழுபத்தொன்றாவது கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறினேன். கொடுத்த அம்மாவும் ஏறினாள் என்று எடுத்துக்கொள்கிறேன், நல்ல கனம்.

அந்த அம்மாவிடம் சீட்டைக் கொடுத்தபோது வாங்கிப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் படித்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டு என்னவோ சொன்னாள். பார்க்க அவ்வளவு கிழவியாகவா இருக்கிறேன்?

மார்ச் 29, சனி

72, 73, 74, 75. வாங்கியவை: ஒரு ஜோடி காலுறை. விடுதியின் பொதுக் குளியலறையில் முன்பின் தெரியாத நான்கு பெண்களோடு துணியில்லாமல் உட்கார்ந்து குளித்தேன். இதை விருதுநகரில் யாரிடமும் சொல்வதாக இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

76, 77, 78. ஒரு கடைக்காரர் உதோன் என்கிற தடித்த நூடுல்ஸ் போட்டுக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். ஒசெத்தாய். சீட்டைப் படித்துவிட்டுச் சமையல்கட்டிலிருந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரப்பிள்ளைக்காக நடப்பது இங்கே அவ்வளவு பெரிய விஷயம் போலிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

முழங்கால் வீங்கிவிட்டது. நடை இல்லை. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது.

டைகி ஃபோன் செய்தார். "அத்தே, கார்ல வரவா? இன்னும் பத்துக் கோயில்தானே, ஒரு நாள்ல முடிச்சிடலாம்" என்றார். செண்பகாவிடம் கற்ற தமிழ், மழலை மாதிரி இருக்கிறது. "மாப்பிள்ளை, உங்க அம்மா அறுபத்தஞ்சும் நடந்தாங்க. நான் கார்ல போனா அவங்க நடந்ததும் வீணாப்போகும்" என்றேன். அப்புறம் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "அவளுக்குக் கால் வீங்குதா?" என்று கேட்டேன். கொஞ்சம் என்றார். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன். யார் சொன்னதென்று கேட்டால் டாக்டர் என்று சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

79, 80. முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டேன். வேகம் பாதி. பரவாயில்லை, பாதி வேகமும் வேகம்தான்.

ஏப்ரல் 2, புதன்

81, 82. மலைப் பாதை. வழுக்கியது, விழவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

83 முடிந்தது. மாலை ஐந்து மணி. விடுதி அறையில் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறேன்.

நாளைக்கு எண்பத்து நான்கு. பாதை தகமாட்சு நகரத்தின் ஊடே போகிறது. ஒரு ஆறு, அதன் மேல் ஒரு பாலம். பாலம் இறங்கியதும் வலது பக்கம் இரண்டாவது கட்டடம் செண்பகா வீடு. டைகி எழுதித் தந்த விலாசத்தை வைத்து வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன். கீழே இன்னொரு பெரிய சாலை இருக்கிறது. அதில் போனால் அந்தப் பாலம் வராது, தூரமும் ஏறக்குறைய அதேதான்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். பத்து நாளாக எழுதாமல் ஒப்பேற்றியாகிவிட்டது.

ஆறு வருடம் முன்பு இந்தக் கல்யாணத்தைச் சொன்னபோது, இனி என் வாசலில் கால் வைக்காதே என்று சொன்னேன். அதைக்கூடச் செரித்துவிடலாம், கோபத்தில் எல்லா அம்மாவும் சொல்வதுதான். மூன்று வருடம் முன்பு மாவட்ட விளையாட்டுப் போட்டி. நானூறு மீட்டர் ஓட்டம் தொடங்கப் போகிறது, விசில் வாயில் இருக்கிறது. ஃபோனில் செண்பகா பெயர் வந்தது. பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டேன். மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் அவள் பெயர்தான் என்று எனக்குத் தெரியும். அவளாக இறங்கி வரட்டும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஃபுமியே.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. எனக்குக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. இப்போது என்னை வரச்சொல்லிக் கடிதம் எழுதியதும் ஃபுமியேதான், அவளில்லை. நான் போய் நின்று, அவள் கதவைத் திறக்காவிட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது. மலைக்குப் பயப்படவில்லை, இதற்குப் பயப்படுகிறேன்.

ஃபுமியேயைக் கூப்பிட்டு, கீழ்ச் சாலையில் போனால் கணக்கில் சேருமா என்று கேட்டேன். ஃபோன் செய்தி வாசித்தது: "எந்தப் பாதையும் பாதையே. நான் பாலத்தின் வழியே செல்வேன்."

அந்தப் பக்கம்தான் வழிக்குறி நட்டிருக்கிறார்கள். பாதை மாறி ஓடிய பிள்ளைகளை முப்பத்தொரு வருடம் வெளியே அனுப்பியவள் நான். பாலத்தின் வழியாகவே போகிறேன். கதவைத் தட்டுவேனா என்பது பாலம் இறங்கிய பிறகு.

ஏப்ரல் 4, வெள்ளி. தகமாட்சு

காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. பத்தரைக்குப் பாலம்.

கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதிப் பாலம் வந்திருப்பேன். அந்த முனையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நிறைமாத வயிறு, டைகியின் மழைக்கோட்டு, பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. யாரென்று தெரிய முகம் வேண்டியிருக்கவில்லை. ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கிறதை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அப்புறம் நடந்தேன். கோலை ஊன்ற முடியாததால் முழங்கால் முழுப் பாரத்தையும் வாங்கியது. நொண்டிக்கொண்டே போனேன். அவள் ஓரடி முன்னால் வரவில்லை. பாலம் முடிகிற இடத்தில் இரண்டு கையாலும் ஒரு பாட்டிலை நீட்டிக்கொண்டு, வயிறு இடிக்கிற வரை குனிந்து, இங்கத்திய முறைப்படி, "ஒசெத்தாய்" என்றாள்.

எனக்குக் கை வரவில்லை.

"வாங்கிக்கோம்மா. வேண்டாம்னு சொல்ல முடியாதாம்ல. கை வலிக்குது."

கோலைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன். குடித்தேன். குளுக்கோஸ் தண்ணீர், எலுமிச்சம்பழம் பிழிந்தது.

"பந்தயம் இன்னும் முடியலையே" என்றேன்.

"தெரியும். இன்னும் அஞ்சு. அத்தைதான் நேத்துச் சொன்னாங்க, நீ வந்திருக்கேன்னு. 'கூப்பிடாத, திட்டாத, ஒசெத்தாய் குடு. அத மட்டும் உங்கம்மாவால மறுக்க முடியாது'ன்னாங்க. ஒம்போது மணிலருந்து நிக்கேன்."

"மாசமா இருக்கவ மழையில நிக்கலாமா? அறிவிருக்கா?"

"இப்ப திட்டுறது உன் முறையா? நான்ல திட்டணும்."

திட்டு என்றேன். அவள் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு நான் ஃபோன எடுக்கல செண்பகா" என்றேன்.

"தெரியும்."

"உன் பேரப் பாத்துட்டுத்தான் எடுக்கல."

"அதுவும் தெரியும்மா. மூணு தடவையும் முழுசா அடிச்சுது." ஆற்றைப் பார்த்தாள். "ரொம்ப நாள் கோவமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நீ முழுசாக் குடி மொதல்ல."

குடித்து முடித்தேன். அழுதுகொண்டே குளுக்கோஸ் குடிப்பது சுலபமில்லை. பிறகுதான் நினைவு வந்தது, வாங்கினால் சீட்டுக் கொடுக்க வேண்டும். பையிலிருந்து ஒன்றை எடுத்து அவளிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கிப் படித்தாள்.

"இதுல என்ன எழுதிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"பிள்ள நல்லாப் பெறக்கணும்னு."

அவள் வாய்விட்டுப் படித்தாள். முதலில் ஜப்பானியத்தில், பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "என் மருமகளின் அம்மா, இந்தியாவிலிருந்து அவளிடம் வந்து சேர வேண்டும்."

ஃபுமியே இரண்டு வருடம் நடந்தது இதற்காக. அறுபத்தைந்து கோயிலில் அவர் போட்டது இதை. பதினெட்டுக் கோயிலில், முப்பத்தாறு பெட்டியில், நானே என் கையால் போட்டதும் இதை. முட்டைக்கோஸ் கொடுத்த அம்மாவுக்கும் உதோன் கடைக்காரருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. வந்து சேர வேண்டியவள் நான்தான் என்று என் முகத்தைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

செண்பகா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயிற்றோடு கட்டிப்பிடிக்க முடியவில்லை, பக்கவாட்டில்தான் முடிந்தது. உள்ளே வா என்றாள். எண்பத்து நான்கு இன்னும் இருக்கிறது, ஐந்து மணிக்கு முத்திரை போடும் இடத்தை மூடிவிடுவார்கள் என்றேன்.

"மாறவே மாட்ட. போயிட்டு வா. ஆனா ராத்திரி இங்கதான் படுக்கணும். காலைல ரயில்ல விட்ட எடத்துக்கே போயி, விட்ட காலடிலருந்து நட. யாரு கேக்கா?"

84 முடிந்தது. மாலை ஐந்தரைக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்துதான் இருந்தது.

ஏப்ரல் 5, சனி

85, 86, 87. வீட்டுக்குத் திரும்பியதும் செண்பகா வாசலில் உட்கார்ந்து கோலைக் கழுவினாள். ரசம் வைத்தேன். உப்பு குறைவு என்றாள். டாக்டர் சொன்னார் என்றேன். "எந்த டாக்டர்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

88. பதினாறு கிலோமீட்டர், கடைசி மலை. பிற்பகல் மூன்று பத்துக்கு வாசல்படி.

முதல் சன்னதியில் சீட்டுப் போட்டேன். இரண்டாவது சன்னதிக்கு வந்து பையைத் துழாவினால் சீட்டு இல்லை. ஒன்று குறைகிறது. செண்பகா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருப்பதுதான் அது. முத்திரை போடும் பெண்ணிடம் சைகையில் கேட்டு ஒரு வெற்றுச் சீட்டு வாங்கினேன்.

ஃபுமியே எழுதியதை இனிமேல் எழுத வேண்டியதில்லை, அது நடந்துவிட்டது. பேரப்பிள்ளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கு வேண்டிக்கொள்ள நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, தமிழிலேயே எழுதினேன். புரிய வேண்டியவருக்குப் புரியும்.

"சம்பந்தியம்மா ஃபுமியேயின் கால் குணமாக வேண்டும். முதல் கோயிலிலிருந்து அவர் மறுபடி நடக்க வேண்டும். கூட நானும் நடப்பேன். வெயிலுகந்தாள், விருதுநகர்."

பெட்டியில் போட்டுவிட்டு இறங்கினேன்.